வேர்வை நின்ற மத்தியானம்

குளிர்பெட்டி வண்டியில் வேலை பார்த்தவனுக்கு வெயில் தாக்கியது என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். ஐஸ் வண்டிக்காரனுக்கு எப்படியப்பா சூடு பிடிக்கும் என்கிறார்கள். நான் சட்டைக் கையை மடித்து மணிக்கட்டைக் காட்டுவேன். இரண்டு கையிலும் கயிறு அறுத்த தடம் இருக்கிறது. அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடும். இந்தத் தடத்தைக் காட்டித்தான் ஒரு மனிதரை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நோயைப் பற்றியும் விவரமாக எழுதுகிறேன். இதே வேலையில் இருக்கிறவர்கள் படித்தால் பிழைத்துப் போவார்கள்.

எங்கள் குளிர்க்கிடங்கு ஓசூரில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிறது. பட்டாணி, கோழி, பரோட்டா, ஐஸ்கிரீம் எல்லாம் உறைந்த நிலையில் அங்கே கிடக்கும். உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. காலை ஐந்து மணிக்குக் கனத்த கோட்டும், தோள்வரை வாருள்ள கால்சட்டையும் மாட்டிக்கொண்டு உள்ளே போய், டிரே டிரேயாக இழுத்து வண்டியில் அடுக்க வேண்டும். டிரேயை இழுக்க முழ நீள இரும்புக் கொக்கி ஒன்று கொடுத்திருந்தார்கள். அதன் முனை எந்நேரமும் கூராக இருக்கும், ஏனென்றால் தினமும் பனிக்கட்டியைக் கொத்துவதும் அதை வைத்துத்தான். ஆறு மணிக்கு வண்டி கிளம்பும். சூளகிரி, கிருஷ்ணகிரி, பர்கூர், ஊத்தங்கரை என்று இருபத்தெட்டுக் கடைகள். ஒவ்வொரு கடையிலும் பெட்டிக்குள் ஏறி மைனஸில் குனிந்து நிமிர்ந்து, சரக்கோடு வெயிலில் குதித்து, மறுபடி ஏற வேண்டும். சரக்குக்குத்தான் குளிர். முன்னால் உட்காரும் எங்களுக்கு இன்ஜின் சூடும் ஜன்னல் காற்றும்தான்.

வண்டி ஓட்டியவர் கலீம் பாய். கிருஷ்ணகிரிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். மூன்று வருடம் ஒரே வண்டியில் போனோம். அவர் வீட்டு நோன்புக் கஞ்சி எனக்கு வரும், என் வீட்டுப் பொங்கல் அவருக்குப் போகும். அவர் மனைவி ஷமீம் அக்கா என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். இந்த உறவு முறைகளை ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன்.

எங்களுக்கு மூன்று கெட்ட பழக்கங்கள் இருந்தன. ஒன்று, கோட்டைக் கழற்றுவதில்லை. கடைக்குக் கடை கழற்றி மாட்டினால் வேலை ராத்திரி எட்டு மணி வரை இழுக்கும். இரண்டு, தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்கினால் அந்த வார்க் கால்சட்டையை முழுக்க அவிழ்க்க வேண்டும். மூன்றாவது, மாத்திரை. குளிருக்கும் சூட்டுக்கும் மாறி மாறிப் போகிறவனுக்கு மூக்கு குழாய் மாதிரி ஒழுகும். அதனால் கிடங்கில் எல்லோரும் காலை டீயோடு ஒரு சளி மாத்திரை போடுவோம். மெடிக்கலில் அட்டை அட்டையாக வாங்கி, டீக்கடைக்காரரிடமே கொடுத்து வைத்திருந்தோம். டீயோடு மாத்திரையையும் எடுத்து நீட்டுவார். கலீம் பாய் மட்டும் போடமாட்டார், தூக்கம் வரும் என்பார். அன்றைக்கு எனக்கு மூக்கு ரொம்ப மோசம். இரண்டு போட்டேன்.

சித்திரை மாதம். பர்கூரில் சரக்கு இறக்கும்போதே கல்குவாரிப் பக்கத்திலிருந்து அடித்த காற்று முகத்தைச் சுட்டது. கலீம் பாய் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடந்தது. என் நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. நான் அதைப் பெருமையாக அவரிடம் காட்டினேன்.

"பாருங்க பாய். மூணு வருஷத்துல ஒடம்பு பழகிருச்சு. எனக்கு வேர்க்கவே இல்ல."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் வேண்டாம் என்று தள்ளினேன். அதுதான் நான் சுயபுத்தியோடு செய்த கடைசிக் காரியம். அதற்கப்புறம் ஒரு கடைக்காரரை அம்மா பெயரைச் சொல்லி வைதிருக்கிறேன், ஐஸ்கிரீம் டிரேயை ரோட்டில் வீசியிருக்கிறேன். இதெல்லாம் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டது. பொதுவாகவே எனக்கு வாய் நீளம் என்பதால் கலீம் பாய் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம்.

எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான். மத்தூர் தாண்டி வண்டி நிற்கிறது. நான் பெட்டிக்குள் இருக்கிறேன். வெளிச்சம் இருந்த இடத்தில் கலீம் பாய் நிற்கிறார், கதவை மூடப் போகிறார். குளிர்பெட்டியில் வேலை செய்கிற எங்கள் ஒவ்வொருவர் வயிற்றிலும் கிடக்கிற பயம் அதுதான், உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்களோ என்பது. அப்புறம் அவர் என் நெஞ்சின்மேல் முழங்காலை வைத்து அழுத்துகிறார். கன்னத்தில் அறைகிறார். மறுபடி அறைகிறார். கையைக் கயிற்றால் கட்டுகிறார். அவர் முகம் முழுக்க ரத்தம், அது என் வாயில் சொட்டுகிறது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் யாரோ நெருப்பு வைக்கிறார்கள். நான் கத்துகிறேன், சத்தம் வரவில்லை. அவ்வளவுதான் ஞாபகம்.

விழித்தபோதும் கட்டித்தான் போட்டிருந்தார்கள். கட்டிலின் இரும்புக் கம்பியோடு இரண்டு கையையும் துணிப்பட்டையால் கட்டியிருந்தது. மூக்கில் குழாய், கழுத்தில் ஒரு குழாய், கீழே ஒரு குழாய். நான்கு நாளாகிவிட்டது என்றார்கள். கிருஷ்ணகிரியில் பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவு. அந்த நான்கு நாளில் இரண்டு நர்ஸுகளை உதைத்திருக்கிறேன். ஒரு வார்டுபாயின் கையைக் கடித்திருக்கிறேன். அவரே பின்னால் ஒருநாள் பல் பதிந்த இடத்தைக் காட்டி, நல்ல பல்லு உனக்கு என்றார். என் மனைவி செல்வியைப் பார்த்து நீ யார், வெளியே போ என்று கத்தினேனாம். அவள் வெளியே போய் உட்கார்ந்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி வந்து நிற்பாளாம். நான்கு நாளும் அவளுக்கு அதே வேலை.

டாக்டரம்மா பெங்களூர்ப் பக்கத்துக்காரர். கன்னட வாடையடிக்கும் தமிழில், அவசரமில்லாமல் விளக்கினார். வெயிலில் உடம்புச் சூட்டைக் குறைக்க இருக்கிற ஒரே வழி வேர்வை. அது நின்றுபோனால் சூடு உள்ளேயே ஏறும். என்னைக் கொண்டுவந்தபோது உள்சூடு நூற்றாறு டிகிரிக்கு மேல் இருந்தது, வழியில் இன்னும் கூட இருந்திருக்கும் என்றார். அந்தச் சூட்டில் மூளை கலங்கும். ஆள் அடையாளம் தெரியாது, யாரைப் பார்த்தாலும் எதிரியாகத் தெரியும், வலிப்பு வரும். தசைகள் வெந்து உடையும். உடைந்த தசையின் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். கீழே தொங்கிய பையில் என் மூத்திரம் கறுப்புக் காப்பி நிறத்தில் இருந்தது. அதனால்தான் கழுத்தில் குழாய், டயாலிசிஸ். சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை ஒரு இயந்திரம் எடுத்துக்கொண்டு, ரத்தத்தை வெளியே இழுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புகிறது. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். காலில் தசை பிடித்துக் குரண்டை இழுக்கும்போது எலும்பை யாரோ முறுக்கிப் பிழிகிறார்கள் என்றே தோன்றும். செல்வி கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு என் வசவையெல்லாம் வாங்கிக்கொள்வாள். தினமும் ரத்தம் எடுத்து இரண்டு எண்கள் பார்ப்பார்கள், ஒன்று தசைக்கு, ஒன்று சிறுநீரகத்துக்கு. காலையில் அந்தச் சீட்டு வரும்வரை செல்வி பல்கூட விளக்கமாட்டாள்.

நினைவு தெளியத் தெளிய நான் என் உடம்பைப் பார்த்தேன். மணிக்கட்டில் தோல் உரிந்து சதை தெரிந்தது. அது ஆஸ்பத்திரித் துணிப்பட்டையால் வந்ததில்லை, முறுக்குக் கயிறு. டிரேயைக் கட்டுகிற நைலான் கயிறு. உதடு கிழிந்திருந்தது. ஒரு விலா எலும்பு விரிசல். இரண்டு அக்குளிலும் தொடையிடுக்கிலும் கைப்பிடி அகலத்துக்குக் கொப்புளம், சூடு வைத்தது மாதிரி. என் ஞாபகமும் உடம்பும் ஒன்றையே சொன்னன. கலீம் பாய் என்னை அடித்துக் கட்டிப்போட்டிருக்கிறார். ஏன் என்று தெரியவில்லை. ஏன் என்பதை நான் யோசிக்கவும் இல்லை. எனக்கு அப்போது இருந்ததெல்லாம் கோபம்தான்.

செல்வியின் அண்ணன் பாண்டி ஓசூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். லீவு போட்டுவிட்டு வாசலிலேயே கிடந்தான். வார்டுக்குள் ஒருவர்தான் வரலாம் என்பதால் அவனும் செல்வியும் மாற்றி மாற்றி வருவார்கள். எனக்கு முகம் மழித்துவிட்டது அவன்தான். மழித்துக்கொண்டே கிழிந்த உதட்டைப் பார்த்து அவன் கண் சிவந்தது.

"யாரு மாப்ள பண்ணது? ஒன்னக் கொண்டாந்து போட்டது டிரைவருங்கறாங்க. அப்பறம் அவன் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல. தப்பு பண்ணாதவன் ஏன் வராம இருக்கான்?"

நான் ஞாபகம் இருந்ததைச் சொன்னேன். அவன் கத்தியைக் கீழே வைத்தான். கலீம் பாயின் ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். அந்த வார்த்தையை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர் வீட்டுக் கஞ்சியை மூன்று வருடம் குடித்தவன் நான். அப்படிப் பேசாதே என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு கிடந்தேன், கேட்க நன்றாகக்கூட இருந்தது.

காயத்தோடு வருகிறவர்களைப் பற்றி ஆஸ்பத்திரியில் போலீசுக்குத் தகவல் கொடுப்பது வழக்கம். நான் கொஞ்சம் தெளிந்ததும் ஏட்டு ஒருவர் நோட்டோடு வந்தார். தடங்களைப் பார்த்தார். யார் அடித்தது என்று கேட்டார். ஓட்டுநர் கலீம், கயிற்றால் கட்டி, நெஞ்சில் ஏறி மிதித்து, முகத்தில் அடித்து, சூடு வைத்தார் என்று சொன்னேன். கையெழுத்துப் போட விரல் மடங்கவில்லை, கைரேகை வைத்தார்கள். முன்விரோதம் ஏதாவது உண்டா என்று ஏட்டு கேட்டதற்கு, தெரியாது என்றேன். அவ்வளவு நேரமும் எனக்கு நல்ல நினைவு இருந்தது. டாக்டரம்மா அன்று காலைதான் என்னிடம் கிழமை, மாதம், மகள் பெயர் எல்லாம் கேட்டுச் சரிபார்த்திருந்தார்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா கட்டைப் பிரித்துக் கொப்புளத்துக்கு மருந்து போட்டார். நான் சூடு வைத்துவிட்டார்கள் மேடம் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இது சூடு இல்லப்பா. ஐஸ். உறைஞ்ச பொருளை நேரா தோல் மேல வச்சா இப்படித்தான் வெந்து போகும். அக்குள், தொடை, கழுத்து. எங்க பெரிய ரத்தக்குழாய் ஓடுதோ அங்கயே வச்சிருக்காங்க. இங்க வந்து நாங்க பண்றத யாரோ அரை மணி முன்னாலயே ஆரம்பிச்சிருக்காங்க. அதனாலதான் நீ என்கிட்ட பேசிட்டிருக்க."

பிறகு காலையில் என்ன மாத்திரை சாப்பிடுவாய் என்று கேட்டார். சொன்னேன். எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்றார். கிடங்கில் எல்லோரும் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மூக்கை உலர்த்துகிற அந்த மாத்திரைகளில் சில வேர்வையையும் நிறுத்தும் என்றார். நீ பழக்கம் என்று நினைத்தது மாத்திரையின் வேலை, வெயிலில் வேர்வை நிற்பதுதான் ஆபத்து, அதைப் பார்த்த உடனே ஆளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருக்க வேண்டும் என்றார். பெட்டிக்குள் போய் உட்கார்ந்தால் தோல் குளிர்ந்து சுகமாகத் தெரியும், கோட்டுக்குள் மாட்டிய சூடு அவ்வளவு சீக்கிரம் இறங்காது என்றும் சொன்னார். இதையெல்லாம் நான் ஓசூரில் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஆனால் அன்று அவர் சொன்ன முதல் விஷயம் மட்டுமே காதில் நின்றது. யாரோ அரை மணி முன்னாலேயே. மத்தூர் ரோட்டில், வண்டியில், என்னைத் தவிர இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

அந்த நேரத்தில் பாண்டி வெளியே இல்லை. கலீம் பாய் வீட்டுக்குப் போயிருந்தான், இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு.

ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். அவன் வலது கால் செருப்பில் வார் அறுந்திருந்தது. கதவை உதைத்து உடைத்ததில் அறுந்தது. உடைந்த கதவுக்குப் பின்னால் ஷமீம் அக்காவும் அவர் மருமகளும் மட்டும்தான் நின்றிருக்கிறார்கள். எங்கே உன் புருஷன் என்று இவன் கேட்டிருக்கிறான். இருவரும் சேர்ந்து அழுது கத்துவார்கள் என்று எதிர்பார்த்தானாம். அக்கா ஒரு பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டே பதில் சொன்னாராம், ஒன் மச்சான் இருக்கிற அதே ஆஸ்பத்திரிதான், மேல் மாடி, கண் வார்டு, நானும் அங்கதான் கெளம்பறேன், வா என்று.

நடந்ததை அக்கா வாயால் பாண்டி கேட்டான், பாண்டி வாயால் நான் கேட்டேன். மத்தூர் தாண்டி ஒரு கடையில் பணம் வாங்கிக்கொண்டு கலீம் பாய் திரும்பி வந்தபோது என்னைக் காணவில்லை. பெட்டிக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கோட்டோடு சுருண்டு உட்கார்ந்திருந்தேன், கண் மேலே செருகியிருந்தது. அவர் கதவை மூட வரவில்லை, முழுதாகத் திறக்க வந்தார். நான் கொக்கியைத் தூக்கி அடித்தேன். முதல் அடி தோளில். இரண்டாவது அடி வலது கண்ணில். அவருடைய போனும் அந்த அமர்க்களத்தில் தரையில் விழுந்து நொறுங்கியது. ஆள் நடமாட்டமில்லாத இடம். என்னைத் தொட்டவர் கை சுட்டதாம், அடுப்பில் வைத்த தவா மாதிரி இருந்தான் என்று அக்காவிடம் சொன்னாராம். நெஞ்சில் மண்டியிட்டுக் கோட்டை அறுத்து எடுத்தார். நான் கடிக்கிறேன், உதைக்கிறேன். கண் செருகும்போதெல்லாம் அறைந்து எழுப்பினார். கயிற்றால் கட்டினார். உறைந்த பட்டாணிப் பாக்கெட்டுகளை அக்குளில், இடுக்கில், கழுத்தில் திணித்து, கேன் தண்ணீரை மேலே கொட்டி, கதவைத் திறந்து போட்டபடி வண்டியை எடுத்தார். ஒற்றைக் கண்ணோடு. கிருஷ்ணகிரி வரைக்கும்.

பாண்டி சொல்லச் சொல்ல எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. தலைக்கு வரவில்லை, கைக்கு வந்தது. தினமும் பனிக்கட்டியில் கொக்கியை இறக்குகிற கை இது. கட்டிப் பனி எப்படித் தடுக்கும், இளகின பனி எப்படி உள்ளே வாங்கும் என்று அதற்குத் தெரியும். அன்றைக்குக் கொக்கி இளக்கமான எதிலோ இறங்கியது கைக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கையைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டேன்.

மறுநாள் டயாலிசிஸ் முடிந்ததும் சக்கர நாற்காலியில் மேலே கூட்டிப் போகச் சொன்னேன். டாக்டரம்மா கூடாது என்றார். நான் கழுத்துக் குழாயைப் பிடுங்கிவிடுவேன் என்றேன். செய்திருப்பேன், என் குணம் அப்படி. கடைசியில் ஒரு நர்ஸை உடன் அனுப்பினார். பாண்டி தள்ளிக்கொண்டு வந்தான்.

ஏட்டு எங்களுக்கு முன்னாலேயே அங்கே இருந்தார். நான் கொடுத்த வாக்குமூலம் அவர் கையில் இருந்தது. கலீம் பாய் கட்டிலில் சாய்ந்திருந்தார். பாதி முகத்துக்குக் கட்டு. ஷமீம் அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தம்பி என்று கூப்பிடவில்லை.

"நீதான அந்தாளக் கட்டுனது?" என்று ஏட்டு கேட்டார்.

"ஆமா சார். கட்டுனேன்."

"அடிச்சியா?"

"கன்னத்துல அறைஞ்சேன் சார். தூங்கிட்டா செத்துருவான்னு."

"அப்ப ஒங்கண்ணு எப்படிப் போச்சு?"

கலீம் பாய் இருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். பிறகு ஏட்டைப் பார்த்தார்.

"டிரே இழுக்கச்சொல்ல கொக்கி நழுவிருச்சு சார். சேர்த்தப்பவே அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."

கேஸ் என்று வந்தால் அவன் மகள் நடுத்தெருவில் நிற்பாள் என்று என்னைப் பற்றி அக்காவிடம் அவர் சொல்லியிருந்ததும், அதற்காக அக்கா இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்ததும் எனக்குப் பின்னால்தான் தெரியும். அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், வாயைத் திறக்காமல் இருந்தால் நான் தப்பித்துவிடுவேன் என்பது. பயமாகத்தான் இருந்தது. வாக்குமூலத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு, கொக்கி விஷயத்தை அவர் சொன்னபடியே விட்டுவிடலாமா என்றுகூட ஒரு மூச்சு நேரம் நினைத்தேன். நினைத்ததை மறைக்க விரும்பவில்லை.

"கொக்கி நழுவல சார். நாந்தான் அடிச்சேன். நேத்து நான் சொன்னது பொய்யி. எனக்கு வெயில் மண்டையில ஏறி, இவரு என்னப் பூட்டப் போறாருன்னு நெனச்சு அடிச்சேன். இவரு என்னக் காப்பாத்தத்தான் கட்டுனாரு. அத எழுதுங்க."

ஏட்டுக்கு எரிச்சல். நேற்று ஒன்று, இன்று ஒன்றா, விளையாடுகிறாயா என்றார். ஆனாலும் எழுதினார். நோயாளிக்கு அந்த நேரத்தில் சுயநினைவு இல்லை என்று டாக்டரம்மா பிறகு எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த பிறகு ஸ்டேஷனுக்கு இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். கலீம் பாயும் வந்து தனக்கு எந்தப் புகாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்ததால் அதோடு நின்றது.

ஏட்டு போனபின் நான் நாற்காலியை நகர்த்தி அவர் காலைத் தொடப் போனேன். காலை இழுத்துக்கொண்டார்.

"கண்ணு போனது ஒன்னால இல்ல முருகேசு. ஒனக்கு அப்ப நெனவு இல்ல. அது வெயிலு. ஆனா எவ்வூட்டுக் கதவ ஒடச்சது நீதான். எம்மேல எழுதிக் குடுக்கும்போது ஒனக்கு நல்லா நெனவு இருந்துச்சு."

அவர் சத்தம் போடவில்லை. கதவை உதைத்த பாண்டி எனக்குப் பின்னால்தான் நின்றான், அவனைப் பார்த்துக்கூட ஒன்றும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு அடி நான் வாங்கியதில்லை. விலா எலும்பு விரிசல் விட்டதுகூட அப்படி வலிக்கவில்லை. கயிற்றுத் தடத்தோடு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டேன். போய்ப் படு என்றார்.

அதற்குப் பிறகும் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஏழு டயாலிசிஸ். எட்டாவதற்குக் கூட்டிப் போக வந்தபோது சீட்டைப் பார்த்த டாக்டரம்மா, வேண்டாம், கழற்றிவிடலாம் என்றார். பையில் மூத்திரம் மஞ்சளாக வந்த அன்று செல்வி அதைப் பார்த்து அழுதாள், பக்கத்துக் கட்டில்காரரின் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். காப்பீட்டு அட்டை இருந்ததால் சிகிச்சைக்குப் பணம் கேட்கவில்லை. வெளியே வாங்கிய மருந்துக்குச் செல்வி கழுத்துச் சங்கிலி போனது. அதை என்னிடம் சொல்லாமல் மஞ்சள் கயிற்றைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு திரிந்தாள். கலீம் பாயின் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். ஓட்டுநர் உரிமமும் அதோடு போயிற்று.

வீட்டுக்கு வந்த பிறகு சிறுநீரகம் தேறியது. கனம் தூக்கக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது என்றார்கள். கிடங்கில் சீட்டு எழுதுகிற வேலை கொடுத்தார்கள். முதல் நாளே டீக்கடைக்குப் போய் அந்த மாத்திரை அட்டைகளையெல்லாம் எடுத்துச் சாக்கடையில் போட்டேன். டீக்கடைக்காரருக்கும் எனக்கும் கைகலப்பு வரப் பார்த்தது. வண்டி கிளம்பும்போது ஒவ்வொருவனையும் நிறுத்திக் கோட்டைக் கழற்ற வைக்கிறேன். பெரிய கலெக்டர் என்று திட்டுகிறார்கள். திட்டட்டும்.

கலீம் பாய் வீட்டுக்குப் போக எனக்கு இரண்டு மாதம் துணிச்சல் வரவில்லை. அதற்கு முன் பாண்டி மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தச்சரைக் கூட்டிக்கொண்டு, புதுக்கதவையும் ஏற்றிக்கொண்டு போனான். ஷமீம் அக்கா அவனை உள்ளே விடவில்லை. வாசலில் நின்றே கதவை மாட்டிவிட்டு, தண்ணீர்கூடக் கேட்காமல் வந்தான்.

நான் போன அன்று நல்ல வெயில், மத்தியானம் ஒரு மணி. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போனேன். புதுக்கதவு இன்னும் வர்ணம் அடிக்காமல் இருந்தது. தட்டினேன். கலீம் பாயே திறந்தார். ஒரு கண்ணில் கறுப்புக் கண்ணாடிச் சில்லு வைத்த மூக்குக்கண்ணாடி. வாசலை மறித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கை உயர்ந்தது. அறையப் போகிறார் என்றுதான் நினைத்தேன், கண்ணை மூடிக்கொண்டு நின்றேன், அறைந்தால் நன்றாக இருக்கும் என்று இருந்தது.

அவர் உள்ளங்கை என் பிடரியில் வந்து பதிந்தது. கழுத்தில் தேய்த்து, எடுத்து, விரல்களை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். ஈரத்தை என் சட்டையிலேயே துடைத்தார்.

"வேர்க்குது," என்றார். "உள்ள வா."